மூன்று மா கொழுஞ்சி

அக்கா,

இன்று காலை பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சேற்றில் கொழுஞ்சி அழுகும் வாடை அடித்தது. பக்கத்து வயலில் உரத்துக்காக அந்தத் தழையை மடக்கி உழுது தண்ணீர் கட்டியிருந்தார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

உன் வீட்டுக்காரர் இறந்த மறு வருஷம் அது. ஆட்சி மாறியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டமும் வந்திருந்தது. சங்கத்துக்காரர்கள் நாங்கள் மேடைக்கு மேடை அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினோம். தாலுகா ஆபீஸில் மட்டும் உன் நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் வந்தால் நாற்காலி, நீ போனால் வாசல்படி. புருஷன் செத்ததும் நீ நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டாய் என்று அவருடைய நிலபுலன்களைப் பார்க்கும் காரியக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். கோடையில் தாலுகாவிலிருந்து ஆய்வுக்கு வருவார்கள். அப்போது அந்த மூன்று மா நிலத்தில் நீ போட்டது ஏதாவது நிற்க வேண்டும். இல்லாவிட்டால் நிலம் போய்விடும்.

தண்ணீர் இல்லாத கோடையில் எது நிற்கும்? கொழுஞ்சிதான் என்றாய். ஆற்றங்கரை மேட்டில் யாரும் விதைக்காமலே வருஷக்கணக்கில் நிற்கிற செடி. ஆணிவேர் ஆழத்துக்குப் போய்விடும். ஆடு மாடு வாய் வைக்காது. தண்ணீர் தேங்கினால்தான் சாகும். கரையில் காய் உருவி, அடித்து, நீயே விதை சேர்த்தாய். அறுவடை வேலைக்கு வெளியூர் கிளம்பும்போது என்னிடம் கொடுத்தாய்.

"தோலு கல்லு மாதிரிடா தம்பி. மணலப் போட்டு உரல்ல லேசா இடிச்சுட்டு வெத, அப்பத்தான் மொளைக்கும். கூட்டம் கீட்டம்னு ஓடிடாத."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன மெட்ராஸ்காரனா?"

"மெட்ராஸ்காரன்னா சொன்னதக் கேட்டுப்பான்."

ஓடினேன். பக்கத்து ஊரில் கூட்டம். உழுகிறவனுக்கே நிலம் என்று நான்தான் முழங்க வேண்டும். விதையை அப்படியே வீசிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். திரும்பி வந்து நீ கேட்டபோது, இடித்துத்தான் போட்டேன் என்றேன்.

சித்திரையில் அதிகாரி வந்தார். வயலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி. காரியக்காரர் சிரித்தார். "இது என்னங்க சாகுபடி? எங்க கொல்லையிலகூட இப்படித்தான் தானா மொளச்சுக் கெடக்கு."

நீ ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சுகளைக் காட்டினாய். "மண்ணுக்கு உரமாகட்டும்னு நான் போட்டதுங்க. வெத சொத்தையாப் போச்சு. இந்தத் தம்பி ஒழுங்கா இடிச்சுத்தான் போட்டான். கேளுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். அந்த மண்ணைக் கிளறியிருந்தால் முளைக்காத விதை பிடி பிடியாகக் கிடைத்திருக்கும். நீ விதைத்ததற்கு வேறு சாட்சியே வேண்டாம். ஆனால் அதைச் சொல்ல, உன்னிடம் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் தரிசு என்று எழுதிக்கொண்டு போனார்.

நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பெய்த இரண்டு மழையில் தோல் ஊறி, மூன்று மாவும் பச்சைப் பாய் விரித்தாற்போல் முளைத்தது. மிராசுதார் அதை மடக்கி உழுது சம்பா நட்டார். அதற்கு முன்னால், வேறொருவர் வயலுக்குக் களையெடுக்கப் போகிற வழியில், நீ என்னை வரப்பில் நிறுத்தினாய்.

"பாத்தியாடா, வெத சொத்தையில்ல. உனக்குத்தான் கைராசி இல்லையோன்னு மனசுக்குள்ள திட்டிட்டேன். தப்பா எடுத்துக்காத."

போன மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய். மிராசுதார்மேல் எனக்குள்ள கோபம் குறையவில்லை, குறையவும் வேண்டாம். ஆனால் அதற்கும் கீழே கிடந்து அறுப்பது, அன்று வரப்பில் நான் உனக்குச் சொன்ன பதில்.

"பரவாயில்லக்கா" என்றேன்.