பூண்டியிலிருந்து திரும்பிய பதின்மூன்று பேர்

ஆவடி,
3.3.1988

நாகவல்லிக்கு,

28.2.88, ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.40. டிரைவர் நீங்கலாகப் பதின்மூன்று தலை. பூண்டி அணைக்கட்டில் வேன் கிளம்புமுன் நானே நின்று எண்ணினேன். காலையில் ஏறியதும் பதின்மூன்று. இதில் என் தவறு எங்கே என்று நீயே காட்டு.

பதின்மூன்றாவது தலை ஒரு வெளியாள். அக்கா வீட்டுக்காரர் வரதன் மாமா, திருவள்ளூர் வரைக்கும்தானே என்று எவனையோ பின்சீட்டில் ஏற்றியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அந்த ஆள் இறங்கிய பிறகுதான் பார்வதம் அக்கா, "டேய், வள்ளி எங்கடா?" என்று அலறினாள். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினோம். "அந்தம்மா பஸ் ஏறிப் பூட்ச்சே" என்றான் வாட்ச்மேன். ஆவடிக்கு வந்து பார்த்தால் பூட்டு அப்படியே தொங்குகிறது. மறுநாள் உன் அண்ணன் ஃபேக்டரிக்குப் போன் செய்யும்வரை நான் எப்படி இருந்தேன் என்று யோசித்தாயா? திருவள்ளூர் ஸ்டேஷனில் இந்தப் பக்கம் ஏறினால் ஆவடி, அந்தப் பக்கம் ஏறினால் அரக்கோணம். நீ தெரிந்தேதான் அந்தப் பக்கம் ஏறியிருக்கிறாய்.

கோடை வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் ஒருநாள் வெளியே போய்வரலாம் என்று ஏற்பாடு செய்தது நான். ஆறரைக்கு வேன் என்றேன். புளிசாதம் ஆறட்டும் என்று அம்மா ஏழரை ஆக்கினாள். அன்றைக்கு எதுவுமே நேரத்துக்கு நடக்கவில்லை. இப்போது செக்‌ஷனில் மதுரைவீரன், "இன்னா மாமே, இன்ஸ்பெக்‌ஷன் ஆளு, ஊட்டுக்காரியையே ரிஜெக்ட் பண்ட்டியா?" என்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

வண்டி நகரும்போது நீ கத்தியிருக்கலாம் அல்லவா? வாய் எங்கே போயிற்று? இந்தச் சனிக்கிழமைக்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
ரகுநாதன்


அரக்கோணம்,
7.3.1988

அன்புள்ள உங்களுக்கு,

நாகவல்லி எழுதுவது. இங்கு அம்மாவும் அண்ணனும் சுகம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சனிக்கிழமைக்குள் வரச் சொன்ன கடிதம் சனிக்கிழமைதான் வந்தது.

நான் கத்தினேன். புளிசாத அண்டாவைக் கழுவிக்கொண்டு வா என்று அத்தை அனுப்பினார்கள். கழுவி இடுப்பில் வைத்துக்கொண்டு மேடேறி வருவதற்குள் வண்டி உறுமுகிறது. "ஏங்க, ஏங்க" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தேன். அன்றைக்கு அங்கே எத்தனை வண்டி, எத்தனை பெண்கள்! எல்லோருக்கும் ஏங்கதான். டிரைவர் சுலைமான் பாய் மட்டும் தலையை நீட்டிப் பார்த்து, "சார், யாரோ ஒரு அம்மா கூவிகினு வர்றாங்க" என்றார். நீங்கள், "எண்ணியாச்சு, சரியா இருக்கு, எடுய்யா" என்றீர்கள். அவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டேன். உங்கள் குரல் கேட்டது.

உங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பீர்கள். தொண்டைவரை வந்தது. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணமான மறுநாளே அத்தை சொல்லிவிட்டார்கள். ரேஷன் கடையில்கூட எதிர்வீட்டு நாகம்மாதான் எனக்காக உங்கள் பேரைச் சொல்கிறாள். அந்த நேரத்திலும் எனக்கு உங்கள் ஆயுசுதான் பெரிதாகப் பட்டது. வண்டி போய்விட்டது.

"உன் ஊட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்று வாட்ச்மேன் கேட்டார். அதற்கும் அழுதுகொண்டே நின்றேன். கிறுக்கு என்று நினைத்திருப்பார்.

திருவள்ளூரில் முதலில் ஆவடி வண்டிதான் வந்தது. ஏறவில்லை. வீட்டு வாசலில் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். "எங்கே போய்த் தொலைந்தாய்?" அதைக் கேட்க அன்று தெம்பில்லை. உங்கள் கடிதத்திலும் யார்மேல் தவறு என்றுதான் இருக்கிறது. பயந்தாயா, சாப்பிட்டாயா என்று ஒரு வரி இல்லை. என்னைக் காணவில்லை என்பதையும் அக்காதானே சொல்ல வேண்டியிருந்தது.

நான் இங்கேயே இருக்கிறேன். அண்டா பத்திரமாக இருக்கிறது என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

நாகவல்லி


ஆவடி,
10.3.1988

நாகவல்லிக்கு,

சுலைமான் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கடிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவிடம் கேட்டேன். "ஆமாண்டா, நான்தான் சொன்னேன். உங்கப்பா பேரை நான் இன்னிக்கு வரைக்கும் வாயால சொன்னதில்லை" என்றாள். "அப்பாதான் நாப்பத்தெட்டு வயசுலயே போயிட்டாரேம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதிலிருந்து தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். இந்த வீட்டில் நியாயம் பேசினால் சோறுதான் மிஞ்சும், பேச்சு மிஞ்சாது.

கடிதத்தில் சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் வர நான்கு நாள் ஆகும். அதனால் நேரில் கேட்கிறேன். கெஞ்சி எழுத எனக்கு வராது. செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. ஞாயிறு காலை முதல் வண்டியில் அரக்கோணம் வருகிறேன். தனியாக. வரதன் மாமா துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

2. உன் அண்ணன் திட்டுவார். பதில் பேசமாட்டேன். தேதியைத் தப்பாகச் சொன்னால்கூடத் திருத்தமாட்டேன்.

3. தெருவிலேயே நிற்பேன். நீ வாசலுக்கு வந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. அக்கம்பக்கம் கேட்டால் கேட்கட்டும். ஆயுசு என்னுடையது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

4. கூப்பிட வாய் வரவில்லையென்றால் கோபித்துக்கொள்ளமாட்டேன். சாயங்கால வண்டியில் திரும்பிவிட்டு அடுத்த ஞாயிறு மறுபடி வருவேன். உனக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.

ரகுநாதன்