மோர்ன் மலையடியில் ஒரு ஜீப்

ஆகஸ்ட் 19
இன்று ஹோட்டலில் பன்னிரண்டு அறைகள் சுத்தம் செய்தேன். கடைசி அறைப் பிரெஞ்சுக்காரி சன்னல் வழியே மலையைக் காட்டினாள். "தப்பிச்ச அடிமைங்க அங்கதானே ஒளிஞ்சிருந்தாங்க? விடுதலைன்னு சொல்லத்தான் சிப்பாய்ங்க ஏறினாங்களாமே. பிடிக்க வர்றாங்கன்னு நினைச்சு உச்சியிலேர்ந்து குதிக்கிறதுக்கு முன்னாடி நின்னு கேட்டிருக்கலாமே?" சிரித்துவைத்துவிட்டுத் தலையணை உறையை மாற்றினேன். சிப்பாய் எங்களிடம் எப்போது நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறான்?

ஆகஸ்ட் 23
எட்டுக்கைப் பேய்க்கணவாய் பிடிக்கத் தடைக்காலம். அண்ணன் கெய்ட்டன் கேட்டால்தானே. நான்கைக் குத்திவந்து கொடியில் காயப்போட்டிருக்கிறான்.
"பிடிச்சா உள்ள போட்டுருவாங்கண்ணே."
"வயித்துக்கும் தடைக்காலம் உண்டாடி? ஹோட்டல் மகாராணியே, உன் ஹோட்டல் வாசல்ல போலீஸ் ஜீப்பைப் பார்த்தா ஒரு ஃபோன் போடு, போதும்."
அம்மாவுக்கு வேறு கவலை. பதினோரு வருடமாக வீட்டு மனைக்குப் பட்டா கேட்டு அலைகிறாள். அது இல்லாவிட்டால் ஹோட்டல்காரன் என்றைக்கு வேண்டுமானாலும் எங்களைக் கிளப்பலாம்.

ஆகஸ்ட் 27
மூன்று மணிக்குப் போலீஸ் ஜீப் ஹோட்டலைத் தாண்டிப் போனது. ஃபோன் செய்தேன். "ஜீப் வருது, ஓடுண்ணே." அவ்வளவுதான் சொன்னேன்.

ஆகஸ்ட் 28
அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 30
உடலைப் படகில் கொண்டுவந்தார்கள். கொடியில் இருந்த நான்கையும் பையில் போட்டுக்கொண்டு பவளத்திட்டுப் பக்கம் ஓடியிருக்கிறான். நீர் ஏறும் நேரம் — இழுத்துவிட்டது. பை தோளிலேயே இருந்தது.
அன்று ஜீப்பில் வந்தவர் நில அலுவலக எழுத்தர். அவர் கார் பழுதாம், போலீஸ்காரர் ஏற்றிவந்தாராம். அம்மா கையில் பட்டாவைக் கொடுத்துவிட்டு, "நல்ல சேதிதானேம்மா, ஏன் ஓடினான்?" என்றாராம்.
என்னைக் கேளுங்கய்யா. ஓடச் சொன்னது நான்தானே?

செப்டம்பர் 9
அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.
"நானா இருந்தாலும் அதத்தான்டி சொல்லியிருப்பேன்."
பிறகு அரிந்தாள்.

ஜனவரி 20
விழாக் குழு சில்வியோ வந்தார். "பிப்ரவரி ஒண்ணு, அடிமை விடுதலை நாள். மேடையில உங்க அண்ணனைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசும்மா. மலைக் கதையோட அப்படியே பொருந்துது, மந்திரி வேற வர்றாரு."
"பொருந்துதா? எழுந்திரிச்சு வெளிய போங்க."

பிப்ரவரி 1
இப்போது தடையில்லை. தெருவெல்லாம் கொடிகளில் பேய்க்கணவாய். மலையடி விழாவுக்குப் போகும் ஜீப்புகள் எங்கள் தெருவில் திரும்பின. எதிர்வீட்டு மார்சியான் கொடியோடு அறுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுத்தடுத்த வீடுகளிலும் கதவு சாத்தப்பட்டது. நானும் எழுந்துவிட்டிருந்தேன்.
அம்மா மட்டும் எங்கள் வெறுங்கொடியின் கீழே, கடைசி ஜீப் போகும்வரை, நகராமல் நின்றாள்.