கப்பல் தூக்கப் போன அம்மா

ஜனவரி 19, திங்கள்

இன்றும் வந்தாள், இரண்டு தோழிகளோடு. இறங்கும்போது அவர்கள் சொன்ன மாதிரியே அவளும், "தேங்க்ஸ்க்கா" என்றாள்.

ஊருக்கெல்லாம் நான் லிஃப்ட் அக்கா. பெற்ற மகளுக்குமா?

மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் நடுவே பாறையைக் குடைந்து போட்ட லிஃப்ட். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். நான் ஓட்டுகிறேன். மகள் மேலே, அவள் அப்பா வீட்டில். போன வருஷம் நானும் அவரும் பிரிந்தபோது, "யார்கிட்ட இருக்கே?" என்று கேட்டார்கள். "அப்பா" என்றாள். அங்கே தனி அறை உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் கீழே. புதுப் பள்ளி, புதுத் தோழிகள். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. காலையும் மாலையும் ஒரு நிமிஷம், கூட்டத்துக்கு நடுவில் பார்க்கக் கிடைக்கிறாள். அது போதும் என்று சொல்லிக்கொள்கிறேன். போதுமா?

ஜனவரி 21

காதில் விழுந்தது. ஒல்லித் தோழி கேட்டாள்: "உங்கம்மா இப்ப எந்த நாட்டுலடி இருக்காங்க?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கப்பலைத் தண்ணியோட தூக்குற லிஃப்ட் ஒண்ணு கட்டுறாங்க. அது முடிஞ்சாதான் வருவாங்க."

பொத்தானை அழுத்த மறந்து நின்றுவிட்டேன். "என்னம்மா, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்றார் ஒரு பெரியவர்.

ஜனவரி 22

கப்பல் தூக்கும் லிஃப்ட் நான் சொன்ன கதைதான். சின்ன வயதில் என் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வேற எப்படியெல்லாம் லிஃப்ட் இருக்கு? சொல்லும்மா" என்று நச்சரிப்பாள். பழுது பார்க்க வரும் மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டுச் சொல்வேன். கதவே இல்லாமல், நிற்காமல் சுற்றும் லிஃப்ட். ஓடுகிறபோதே ஏறணும், ஓடுகிறபோதே இறங்கணும். ஏதோ நாட்டில் இரும்புக் கோபுரத்தின் சாய்ந்த கால் வழியே ஏறுவது. மீன்தொட்டிக்கு நடுவே ஏறுவது. ஒன்றையும் மறக்கவில்லை. என்னை மட்டும்— வேண்டாம்.

ஜனவரி 27

அந்த அம்மா இப்போது மீன்தொட்டி நாட்டில் இருக்கிறாளாம். சுறா ஒன்று கண்ணாடியில் மூக்கை உரசியதாம். அவளைப் பற்றிச் சொல்லும்போது என் பெண்ணின் முகம் எப்படி மலர்கிறது! யாரடி அவள்? எனக்கே பொறாமையாக இருக்கிறது.

ஜனவரி 30

இன்று நானும் ஒன்று செய்தேன். அவள் காதில் விழும்படி ஒரு வெளியூர்க்காரரிடம் உரக்கச் சொன்னேன்: "சார், ஒரு இடத்துல செங்குத்தான மலையோட ஒட்டிக்கிட்டே கண்ணாடி லிஃப்ட் ஏறுதாம். கீழ பார்த்தா குலை நடுங்குமாம்."

சாயங்காலம் அது அவள் வாயிலிருந்து வந்தது. "நேத்து எங்கம்மா போன் பண்ணாங்கடி..."

இப்படியாவது பேசிக்கொள்கிறோமே.

பிப்ரவரி 18

தனியாக வந்தாள். வேறு ஆள் இல்லை. "வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அப்பாவுக்கு வேலையாம். நீ வருவியா?"

வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "எந்த அம்மா வரணும்? கப்பல் தூக்கப் போனவளா, இங்க நிக்கிறவளா?" என்றேன்.

கதவு திறந்ததும் ஓடிவிட்டாள். என் வாயில் கொள்ளி வைக்க.

பிப்ரவரி 19

வரவில்லை. படிக்கட்டு வழியாகப் போயிருக்கிறாள்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாற்று ஆளிடம் லிஃப்டை விட்டுவிட்டுப் போனேன். சீருடையிலேயே போவதா? அதை மாற்றிக்கொண்டு போனால் என்னை யாரென்று வேண்டுமானாலும் அவள் சொல்லிக்கொள்ளலாம். மாற்றிக்கொண்டு போனேன். கடைசி வரிசை.

ஒல்லித் தோழியை இழுத்துக்கொண்டு வந்தாள். "இதான் எங்கம்மா."

அந்தப் பெண் உற்றுப் பார்த்தது. "ஏய், லிஃப்ட் அக்கா மாதிரியே இருக்காங்கடி!"

"லிஃப்ட் அக்காதான். வெளிநாடெல்லாம் நான் அளந்து விட்டது."

தோழி பாவமாக, "சுறாவுமா?" என்றாள்.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரிப்புதானா அது? கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடினேன்.

பிப்ரவரி 28, சனி

பள்ளி விடுமுறை. ஆனாலும் வந்தாள். மேலே போனோம், இறங்கவில்லை. கீழே வந்தோம், இறங்கவில்லை. என்னோடு வந்து இருந்துவிடுவாள் என்றெல்லாம் நினைக்கவில்லை. பொழுது சாய்ந்தால் அப்பா வீட்டுக்குத்தான் போவாள். கூட்டம் இறங்கிப் போனதும் சுவரில் சாய்ந்துகொண்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து நடுவில் வைத்தேன். மேலே யாரோ மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அடிக்கட்டும்.