தொண்டை கட்டிய தேன்சிட்டு

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் இருமல் நின்றதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். போன மாதம் நீ போனில் கேட்டாயே, நான் இவ்வளவு தூரம் வந்ததில் அப்பாவுக்கு என்மேல் கோபமா, ஏன் இரண்டு வார்த்தை பேசிவிட்டு போனை உன் கையில் திணித்துவிடுகிறார் என்று. அப்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், அதனால் எதையோ சொல்லி மழுப்பினேன். அதன் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் அவரைக் கேட்பதையே விட்டுவிட்டாய், நான் கவனிக்காமல் இல்லை. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை, இல்லவே இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி. காரணத்தை மட்டும் ஒரு குருவியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அடுக்களை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கம்பியின் ஓரத்தில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. கட்டைவிரல் பெரிதுதான் பறவை, ஊசியை வளைத்துவிட்ட மாதிரி அலகு. ஆணைத் தூரத்தில் பார்த்தால் கறுப்பு, ஆனால் கறுப்பு என்று சொன்னால் அப்பா விடமாட்டார், அவசரப்படாதே, வெயில் படட்டும், அப்புறம் பேசு என்பார். வெயில் பட்டால் நீலமும் ஊதாவுமாக மின்னும். பெண்ணுக்கு மேலே மங்கல் பழுப்பு, வயிற்றில் மஞ்சள், இரண்டும் ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. குஞ்சு பொரித்து முடிந்தால் ஆணும் மினுமினுப்பை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலவே ஆகிவிடுமாம், தொண்டையிலிருந்து வயிறுவரை மை ஒழுகின மாதிரி ஒரு கோடு மட்டும் மிஞ்சும், அதை வைத்துத்தான் அடையாளம். நாரும் சருகும் பேப்பர் துணுக்கும் சேர்த்து, ஒட்டடையைப் பசையாக வைத்துப் பெண் ஒருத்தியே கூட்டைக் கட்டினாள், வாசலுக்கு மேலே சின்னதாக ஒரு கூரை வேறு. அவளுக்கு ஒட்டடை வேண்டும் என்று அந்த மூலையில் துடைப்பம் படக்கூடாதென அப்பா உத்தரவு போட்டுவிட்டார். உன் அத்தை வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஏண்டா, இவ பேனா பிடிச்ச கையால துடைப்பத்தைத் தொடவே மாட்டாளா என்று அவரிடம் கேட்டாள், எனக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் உரக்க. ஆண் ஒரு துரும்பும் எடுத்துப் போடவில்லை, மேல் கம்பியில் உட்கார்ந்திருந்தான். உங்க இனம்தான் போல என்றேன். அவன் பாடணும்டி, வேற ஆணை உள்ளே விடாம பாடிக் காவல் காக்கறதுதான் அவன் வேலை, ஆனா இந்த வருஷம் அதையும் செய்யமாட்டேங்கிறான், ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கான் என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்தப் பயல் விடிந்ததும் ஆரம்பித்தால் ஓய்வதே இல்லை. மாடிவீட்டுப் பல் டாக்டர் படியில் அப்பாவை மறித்து, சார், உங்க குருவி என்னைத் தூங்கவே விடமாட்டேங்குது என்று முறையிட்டும் ஆயிற்று. அது கொண்டைக்குருவியா இருக்கும் டாக்டர், உங்களுக்குப் பல்லுதான் தெரியும் என்று இவர் சொல்லி அனுப்பிவிட்டார். காக்கை கத்துவதும் கொண்டைக்குருவி கூப்பிடுவதும் அவருக்கு நன்றாகக் கேட்கிறது, அதனால் சந்தேகமே வரவில்லை. ஒரு நாள் காலை நான் பின்னால் போய் நின்றேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஆண், சிறகைப் படபடவென்று உதறி, அலகைத் திறந்து, உடம்பே குலுங்கப் பாடிக்கொண்டிருந்தது. அப்பா அதையே பார்த்தபடி, பாரு, பாவம், வாயைத் திறக்கிறான், சத்தம் வரலை, தொண்டையில ஏதோ கோளாறு என்றார். காதெல்லாம் பாட்டு நிறைந்திருக்க அந்த வார்த்தையைக் கேட்டேன். அப்போதுதான் எனக்கு உன் போன் ஞாபகம் வந்தது.

காது டாக்டரிடம் போவோம் என்றால், எனக்கா, அந்தக் குருவியைக் கூட்டிட்டுப் போ என்கிறார். அச்சுக்கூடத்தில் மெஷினோடு வாழ்ந்த மனுஷன், யார் சொல்வதையும் நம்பமாட்டார், மீட்டரில் முள் அசைந்தால்தான் நம்புவார். பத்திரிகையில் எழுதுகிற நானும் ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எதையும் எழுதிப் பழகியவள் இல்லை. என் போனில் சத்தத்தைப் பதிவு செய்யும் பக்கத்தைத் திறந்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். குருவி அலகைத் திறக்கும்போதெல்லாம் திரையில் கோடு எகிறியது, மூடினால் படுத்துக்கொண்டது. வெகுநேரம் குருவியையும் கோட்டையும் மாறிமாறிப் பார்த்தார். போன்ல ஒண்ணும் கோளாறு இல்லையே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

தடித்த சத்தம் எல்லாம் சரியாகக் கேட்கிறது, கீச்சென்று வரும் மெல்லிய சத்தம்தான் போய்விட்டது, மெஷின் இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு இது வரும், போனில் இன்னும் மோசமாக இருக்கும் என்றார் காது டாக்டர். உன் குரல் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். வரும் வழியில் அவராகவே சொன்னார், அவ பேசறது கொசு ரீங்காரம் மாதிரிதான் வந்துட்டிருந்தது, அந்த ஊர் லைன் சரியில்லைன்னு நினைச்சேன், திரும்பத் திரும்ப என்னம்மா என்னம்மான்னு கேட்டா குழந்தைக்குச் சலிப்பாயிடும்னு உன்கிட்ட கொடுத்துட்டேன் என்று. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு காதுக்கும் கருவி வந்து நாலு நாள் ஆகிறது. வீட்டில் ஒரே புகார். என் செருப்பு சரசரக்கிறதாம், அரிசி களைவது மழை கொட்டுகிற மாதிரி இருக்கிறதாம், பேப்பரைப் புரட்டினால் அடிக்க வருகிறார். குஞ்சுகளும் வந்துவிட்டன. பெரியதுகள் செம்பருத்திப் பூவின் அடியில் ஓட்டை போட்டுத் தேன் உறிஞ்சுகின்றன, ஆனால் குஞ்சுக்கு அது போதாதாம், சின்னச் சிலந்தியும் புழுவுமாகப் பிடித்து வந்து ஊட்டுகின்றன, இப்போது அந்தப் பாட்டுக்காரனும் அலைகிறான். நீயும் பிஸ்கட்டிலேயே காலத்தை ஓட்டாதே, ஒரு முட்டையாவது வேகவைத்துச் சாப்பிடு. நேற்று அவன் கம்பியில் வந்து உட்கார்ந்து ஆரம்பித்ததும் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். பாட்டு முடிந்த பிறகும் ஜன்னலைவிட்டு நகரவில்லை. பிறகு மாடிப்படியில் நின்று, டாக்டர், நீங்க சொன்னது சரிதான், எப்படித்தான் தூங்கறீங்க என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

கொஞ்ச நாள் பழகிய பிறகு போனில் பேசலாம் என்று காது டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் அங்கே இப்போது மணி என்ன என்று என்னை நச்சரிக்கிறார். விஷயத்தை நானே சொல்லிக்கறேன், நீ உளறிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போனில் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் உனக்கு எதுவும் தெரியாது, ஞாபகம் வைத்துக்கொள். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசாதே, நிதானமாகப் பேசு, கத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணே, நீ எடுத்த வேலை எல்லாம் நல்லபடியாக முடியும், எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை எடுப்பது நானாக இருக்காது. அவருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் குருவியைப் பற்றித்தான் பேசுவார். அது எப்படிப்பா பாடும் என்று கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா