பெரிய மாரியாயி என்கிற பெயர்

என் அன்பான பெரிய மாரியாயி அக்கா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே மழை இன்னும் விடவில்லை. மாரி என்றால் மழை என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னாராம். வட்டவளை மழையில் நனைந்து தேயிலைக் கொழுந்து எடுக்கிறவளுக்குப் போய் அந்தப் பெயரை வைத்தவர்களை என்ன சொல்வது?

உனக்கு அம்மை இறங்கியதற்காக வைத்த பெயர். நான் மாரியம்மன் தேர்த் திருவிழா அன்று பிறந்ததால் எனக்கும் அதே பெயர். அம்மன் பெயரைச் சொல்லித் திட்டினால் பாவம் என்று, கோபம் வந்தால் நம்மை "ஏய் பெரியவளே", "ஏய் சின்னவளே" என்றுதானே கத்துவார்கள்? திட்டு மட்டும் குறைந்ததே இல்லை.

நீ போன பிறகும் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போது கங்காணி என்னைச் "சின்ன மாரியாயி" என்றே கூப்பிட்டார். பெரியவள் இல்லாதபோது சின்னவள் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நீ காய்ச்சலாக லயத்து வீட்டில் படுத்திருக்கிறாய் என்று நானும் நினைத்துக்கொள்வேன்.

போன வாரம் பக்கத்துக் காம்பரா வீட்டுக்குப் பூண்டுலோயாவிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். அவளும் மாரியாயி. கங்காணி யோசிக்கவே இல்லை.

"இனிமே நீ பெரிய மாரியாயி. இந்தப் புள்ள சின்னவ" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "அது அக்கா பேருங்க. இவளைப் பூண்டுலோயா மாரியாயின்னு கூப்பிடுங்க" என்றேன். அவரும் சரி என்றுவிட்டார்.

கொழுந்து எடுக்கும்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, வாக்கப்பட்டு வந்துட்டேன். இனிமே எனக்கு இதுதானே ஊரு? சாகுற வரைக்கும் வெளியூர்க்காரியாவே இருக்கணுமா?"

இலங்கையில், இந்த மலையிலேயே பிறந்த நம்மை இந்தியாக்காரர்கள் என்று சொல்கிறார்களே, அதைக் கேட்டு நீ எவ்வளவு கோபப்படுவாய்? அதையே நான் இவளுக்குச் செய்திருக்கிறேன்.

நானே பெரியவள், இவள் சின்னவள் என்று சாயங்காலமே கங்காணியிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் பெரட்டில் "பெரிய மாரியாயி" என்று கூப்பிட்டார். "இருக்கேங்க" என்றேன். கூடையோடு மலை ஏறும்போதுதான் அழுகை வந்தது. உன்னைப் புதைத்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை அக்கா.

உன் பெயரைக் கெடுக்க மாட்டேன். அந்தப் பெண்ணை யாரும் ஊர் சொல்லிக் கூப்பிடவும் விடமாட்டேன்.

உன் தங்கச்சி,
இனி உனக்கு மட்டும் சின்ன மாரியாயி