நீல நூல்கண்டு

அம்மாவுக்குக் கும்பிடு. முட்டிவலி குறைஞ்சுதா? அப்பா இருமல் நின்னுதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

படிப்பை விட்டவனுக்குக் கழுவுற வேலைதான்னு சித்தப்பா சொன்னாரே, அதேதான் கிடைச்சுது. கடல்ல பெரிய பட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பலகையில சறுக்குறவங்க கரைக்கு வந்ததும், பட்டம், கயிறு, இடுப்புப் பட்டை எல்லாத்தையும் நல்ல தண்ணியில கழுவி நிழல்ல காயப்போடணும். ஆபத்துன்னா பட்டத்தைக் கழட்டிவிட ஒரு சிவப்புப் பிடி இருக்கு. அதை இழுத்து இழுத்து உள்ள இருக்கற மணலை எடுக்கணும். யார் கழுவினதுன்னு தெரிய, கழுவினவன் அதுல தன் நூலைக் கட்டணும். என்னுது மஞ்சள், என்கூட வேலை பாத்து என் அறையிலயே தங்கியிருக்கற நெட்டையோடது நீலம்.

போன வாரம் அவசரத்துல ஒரு பிடிக்கு மட்டும் மணலை எடுக்காம மேலாப்புல தண்ணி ஊத்தி வெச்சுட்டேன். மறுநாள் முதலாளி ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துக்கிட்டே வந்தாரு. என்னுது சிக்கும்னு தெரியும். அவர் வர்றதுக்குள்ள மஞ்சளை அறுத்துட்டு நீலத்தைக் கட்டிட்டேன். அவர் இழுத்தாரு, பிடி சிக்கிச்சு.

"நீலம் யாருடா? பட்டையை மாட்டிக்கிட்டு நீயே இழுத்துக் காட்டு"ன்னாரு.

பட்டம் காத்துல ஏறிச்சு. நெட்டை பிடியை இழுத்தான், வரலை. கிளிஞ்சல் மேல ஐம்பது அடி அவனை இழுத்துக்கிட்டுப் போச்சு.

"இனிமே ஒழுங்கா கழுவுவீங்களா துரை?"ன்னு முதலாளி சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்மா.

எனக்கு ஒண்ணும் ஆகலை, பயப்படாத. உன் பழைய பருத்திப் புடவை ரெண்டு அனுப்பு, இங்க இருக்கற துணி புண்ணுல ஒட்டுது. களிம்பும் அனுப்பு. நீல நூல்கண்டு ஒண்ணும் வேணும். நெட்டைக்கு விரல் மடங்கலை. "என் பங்குக்கும் நீயே கழுவி நூல் கட்டிடுடா, வேற யாரை நம்புறது"ன்னு நேத்து கேட்டான்.

தபால் வண்டி வந்துடுச்சு. நூல் விஷயத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டாத.

உன் மகன்