வால்பாறையில் பதில் சொல்லாத மனுசன்

நவம்பர் 13, சனி

காலையில இருந்தே தூறல். தலைதீவாளி நோம்பி நேத்தோட முடிஞ்சுது. இன்னிக்கு பொங்கலூர் அம்மா ஊட்டுல இருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து வால்பாறை பஸ். ஊட்டுக்காரரு ஏற்பாடு. எடுத்து வெச்சது: ஸ்வெட்டர் ரெண்டு, முறுக்கு, தைலம், கொடை. கெளம்பற அவசரத்துல கொடைய மட்டும் மறந்தாச்சு.

கெளம்பறப்ப அம்மா சமையக்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னது: "போயிட்டு வா கண்ணு. வந்தும் மாப்பளகூட இருக்க மனசு ஒப்பலைன்னா இங்கயே இருந்துக்கோ. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்." தலையாட்டிட்டு வந்தேன். அழுகைகூட வரல.

அவருக்குத் திருப்பூர்ல பனியன் துணி பின்னற நிட்டிங் மிஷின்ல நைட் ஷிப்ட். எனக்குப் பகல்ல பனியன் செக்கிங். கல்யாணமானதுல இருந்து ஒட்டுக்கா இருக்கறதே ஞாயித்துக்கெழமதான். அன்னிக்கும் நான் பாட்டுக்குப் பேசுவேன், அவரு பாட்டுக்கு இருப்பாரு. ஒருநா வெளக்க அணைச்சப்பறம் வெக்கத்த விட்டுக் கேட்டேன், "ஏனுங்க, என்னையப் புடிச்சுத்தான் கட்டுனீங்களா?" திரும்பிப் படுத்துட்டாரு! அன்னியோட விட்டுப்போச்சு மனசு.

ஆழியார் தாண்டி வளைவு மேல வளைவு. ஜன்னல் சீட்டு எனக்குக் குடுத்தாரு. கீழ டேம் தண்ணி, மேகம், மறுபடி டேம். பாறையில வரையாடு. அசையவே இல்ல. பாத்துட்டே தூங்கிட்டேன், முழிச்சா தேயில. தூக்கத்துல பாத்ததா நெசமாப் பாத்ததான்னு தெரியல.

நவம்பர் 14, ஞாயிறு

எந்திரிச்சு ஜன்னலத் தொறந்தா ஊரே இல்ல. வெள்ளையா பனி. லாட்ஜுக்கு எதுத்தாப்பல இருந்த பேக்கரி சித்த நேரம் வந்துச்சு, போயிருச்சு. எங்கயும் ஒரு மிஷின் ஓடல. இவ்வளவு அமைதிய நான் கேட்டதே இல்ல. டீ நல்லாருந்துச்சு. செல்போன்ல டவர் இல்ல, நிம்மதி.

சிங்கவால் கொரங்கு பாக்கலாம்னு எஸ்டேட் ரோட்டுல நடந்தோம். பனி காலுக்கடியில மெதந்துச்சு. அவரு கொஞ்சம் முன்னால. நான் வழக்கம்போல பேசிட்டே. ஒண்ணுக்கும் பதில் இல்ல. சரி, அம்மா ஊடுதான்னு நடந்துட்டே முடிவு பண்ணேன்.

எதுக்க ஒரு எஸ்டேட்டுக்காரம்மா ஓடியாந்து என்ற கையப் புடிச்சுது. "அந்த வளைவுல ஆனை நிக்குதும்மா, உங்க வீட்டுக்காரரக் கூப்புடு!"

"ஏனுங்க, நில்லுங்க"ன்னேன். நடக்கறாரு. சத்தமாக் கூப்பிட்டேன். நடக்கறாரு. கெரகம், இந்த நேரத்துலயுமா வீம்புன்னு ஒரு நொடி. அப்பறம்தான் ஒறைச்சுது. ஆனைகிட்டப் போயி எவனாச்சும் வீம்பு பண்ணுவானா?

ஓடிப்போயி சட்டையப் புடிச்சு இழுத்தேன். திரும்புனவரு என்ற ஒதட்டத்தான் பாத்தாரு. "என்ன?" பனிக்குள்ள கருப்பா ஒரு முதுகு நவுந்துச்சு. அப்பத்தான் அவருக்கும் தெரிஞ்சுது. அடி மேல அடி வெச்சு வந்த வழியே திரும்புனோம், கையோட கைய இறுக்கிட்டு.

டீக்கடைப் பெஞ்சுல உக்காந்து சொன்னாரு. எடது காது சுத்தமாக் கேக்காது. வலதுல கொஞ்சம். "மிஷின் ஹால் சத்தத்துல எல்லாருமே ஒதட்டப் பாத்துத்தான பேசிக்கறோம், அங்க ஒருத்தருக்கும் தெரியல. வெளிச்சத்துல மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

வெளக்க அணைச்சா? கேக்கல நான். எனக்கே புரிஞ்சுது.

"பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லியிருக்கோணும் செல்வி. வேண்டாம்னுருவீங்கன்னு பயம்."

தோள்லயே ரெண்டு போட்டேன். அவ்வளவு கோவம். ஊரு பனியன்ல எல்லாம் ஓட்டை கண்டுபுடிக்கறேன், ஊட்டுக்காரருக்குக் காது கேக்கலைன்னு தெரியல எனக்கு! தூ. அப்பறம் அழுதேன். கடைக்காரரு கேக்காமயே இன்னொரு டீ வெச்சுட்டுப் போனாரு.

சாயங்காலம் முழுக்க பனி. மூஞ்சி தெரியற மாதிரி எதுத்தாப்பல உக்காந்தே இருந்தோம்.

நவம்பர் 15, திங்கள்

வெயில். எறங்கற வழியில கொரங்கு அருவில பஸ்ஸ விட்டு எறங்கினோம். தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. குளிக்கறவங்க வாய வாயத் தொறக்கறாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கல. அங்க எல்லாருக்கும் காது ஒரே மாதிரிதான்.

மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கொரலே இல்லாம, ஒதட்ட மட்டும் அசைச்சுச் சொன்னேன்: அம்மா ஊட்டுலயே இருந்தர்லாம்னு நெனச்சிருந்தனுங்க.

மூஞ்சி செத்துப்போச்சு அவருக்கு. "போவாத!" எத்தனை சத்தமாக் கத்துனாருன்னு அவருக்குத் தெரியாது. அருவிச் சத்தத்தையும் மீறி நாலு பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. எனக்கு மானமே போச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

போறனா இல்லையான்னு நான் சொல்லல. ஈரத் துணியோட பொள்ளாச்சி வரைக்கும் அரைத் தூக்கம். கண்ண மூடுனா பனி, தேயில, அந்தக் கருப்பு முதுகு.

பொள்ளாச்சியில திருப்பூர் பஸ். பொங்கலூர் அம்மா ஊட்டுக்குன்னா நடுவுல பல்லடத்துல எறங்கோணும். கண்டக்டர் வந்து "எங்கீங்க?"ன்னாரு. அவரு காச நீட்டிட்டு என்ற ஒதட்டையே பாத்தாரு.

"திருப்பூர் ரெண்டு"ன்னேன்.

எஞ்சின் சத்தத்துல கண்டக்டருக்குக் கேக்கல. இன்னொருக்கா கத்த வேண்டியதாப் போச்சு. அவருக்கு மொதல்லயே தெரிஞ்சுபோச்சு.